போனில் சொல்வதைத் தளத்தில் எழுதுங்கள்: சிறு தொழில்களுக்கான கூகுள் தேடல் வழிகாட்டி

மதுரையில் சிறு தொழில் செய்பவர்களின் இணையதளங்கள் பெரும்பாலும் ஒரே அச்சு. முகப்பில் மீனாட்சியம்மன் கோபுரம், 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று ஒரு வரி, கீழே போன் நம்பர். விலை என்ன, வெளியூருக்கு அனுப்புவார்களா, ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா என்பதெல்லாம் போன் போட்டால்தான் தெரியும். போட்டால் ஓனர் அரைமணி நேரம் அலுக்காமல் விளக்குவார். அந்தப் பேச்சில் ஒரு வரிகூடத் தளத்தில் இருக்காது. பிறகு, 'வெப்சைட் வெச்சு என்ன சார், கூகுள்ல தேடுனா வரவே மாட்டேங்குது' என்பார்.

கூகுளின் பாட், அதாவது பக்கம் பக்கமாகப் படித்துப்போகும் அதன் மென்பொருள், தளத்தில் இருக்கும் எழுத்தைத்தான் படிக்கும். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்த அரைமணி நேரப் பேச்சைத் தளத்துக்குக் கொண்டுவருவது பற்றியது. டெக்னிக்கல் வேலைகளும் உண்டு, அவை அவ்வளவு பெரிதல்ல.

உதாரணத்துக்கு, திருப்பரங்குன்றம் பக்கம் விளாச்சேரியில் களிமண் பொம்மை செய்யும் ஒரு குடும்பத்தின் தளம் என்று வைத்துக்கொள்வோம். நவராத்திரிக்குக் கொலு பொம்மை, சதுர்த்திக்குப் பிள்ளையார், கிறிஸ்துமஸுக்குக் குடில் செட் என்று அந்த ஊருக்கு வருஷம் முழுக்க வேலை. நீங்கள் சுங்குடிச் சேலை விற்றாலும், கே.கே. நகரில் பல் ஆஸ்பத்திரி வைத்திருந்தாலும் முறை இதேதான்.

முதலில்: கூகுளுக்கு உங்களைத் தெரியுமா?

கூகுள் தேடல் பெட்டியில் இங்கிலீஷில் 'சைட்' என்று அடித்து, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் டொமைன் பெயரை, அதாவது தளத்தின் முகவரியை, அடியுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வந்தால் சரி. ஒன்றுமே வரவில்லை என்றால் அதைத் தீர்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய தளமாக இருந்தால் செட்டிங்ஸில் ரீடிங் என்ற பக்கத்தைத் திறங்கள். 'தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம்' என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி இருக்கும். தளத்தைக் கட்டும்போது அதில் டிக் போடுவது வழக்கம். வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிடுவார்கள். தளம் பளபளவென்று இருக்கும், கூகுளில் மட்டும் ஆள் அட்ரஸே இருக்காது.

அடுத்து கூகுள் சர்ச் கன்சோல். உங்கள் தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று கூகுளே காட்டும் கருவி, இலவசம்தான். அதை உங்கள் ஜிமெயிலில் திறங்கள், தளம் செய்துகொடுத்தவரின் ஜிமெயிலில் வேண்டாம். டொமைனும், தளத்தை வைத்திருக்கும் வாடகை இடமான ஹோஸ்டிங்கும்கூட உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். செய்துகொடுத்தவர் ஊர் மாறிப் போய்விட்டால் அப்புறம் சொந்தத் தளத்துக்கே சாவி இல்லாமல் நிற்க வேண்டிவரும். டொமைன் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க, டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைனின் செட்டிங்ஸில், டெக்ஸ்ட் ரெக்கார்டு என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லும். டொமைன் வாங்கிய கம்பெனியின் தளத்தில் லாகின் செய்து, அது தரும் வரியை ஒட்டினால் வேலை முடிந்தது.

பிறகு, தளத்தின் பக்கங்களைப் பட்டியல் போடும் சைட்மேப் என்ற கோப்பின் முகவரியைக் கொடுங்கள். ஒரு சைட்மேப்பில் 50,000 பக்கங்கள் வரை சேர்க்கலாம், பொம்மைக் கடைக்கு ஐம்பது இருந்தாலே அதிகம். கன்சோலின் மேலே உள்ள பெட்டியில் ஒரு பக்கத்தின் முகவரியை ஒட்டினால் அதன் நிலைமை தெரியும். 'டிஸ்கவர்டு' என்று சொல்லி இன்டெக்ஸ் ஆகவில்லை (கூகுளின் தேடல் பட்டியலில் சேரவில்லை) என்றால், அப்படி ஒரு பக்கம் இருப்பது கூகுளுக்குத் தெரியும், இன்னும் வந்து படிக்கவில்லை. 'கிரால்டு' என்று சொல்லி இன்டெக்ஸ் ஆகவில்லை என்றால், வந்து படித்துவிட்டுச் சேர்க்காமல் போயிருக்கிறது. இரண்டாவதுதான் யோசிக்க வேண்டியது. பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இருக்காது. 'ரிக்வெஸ்ட் இன்டெக்ஸிங்' பட்டனை ஒருமுறை அழுத்தினால் போதும், திரும்பத் திரும்ப அழுத்துவதால் வரிசையில் முன்னே போக முடியாது.

ஜனங்கள் என்ன சொல்லித் தேடுகிறார்கள்?

'கீவேர்டு ரிசர்ச்' என்று இதற்குப் பெரிய பெயர் உண்டு, காசு கட்டும் மென்பொருள்களும் உண்டு. சிறு கடைக்கு அதெல்லாம் பிறகு. போன் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். யார் எதைக் கேட்டாலும் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் பழைய விசாரிப்புகளையும் புரட்டுங்கள். விளாச்சேரிக் கடைக்கு இப்படித்தான் வரும்:

'தசாவதார செட் என்ன விலைங்க?'
'களிமண்ணா, பேப்பர் கூழா?'
'சென்னைக்கு அனுப்புவீங்களா? உடைஞ்சா என்ன பண்றது?'
'முதல் தடவை கொலு வைக்கிறோம், மூணு படிக்கு என்னென்ன வாங்கணும்?'
'பழைய பொம்மைக்கு வர்ணம் அடிச்சுத் தருவீங்களா?'

இதில் கடைசி இரண்டைத்தான் நான் முதலில் எடுப்பேன். 'கொலு பொம்மை' என்று வெறுமனே தேடினால் பெரிய ஆன்லைன் கடைகள் எல்லாம் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். அவர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். பாட்டி காலத்துப் பொம்மைக்குப் புது வர்ணம் அடிக்கும் வேலையைப் பெரிய கடை எதுவும் எடுத்துச் செய்யாது. அதை விளக்கி, முன்னும் பின்னும் எடுத்த போட்டோவோடு தமிழில் ஒரு நல்ல பக்கம் எழுதினால் போட்டிக்கு ஆளே இருக்காது. தேடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறவர்கள்.

நோட்டு நிறைந்ததும் கூகுளிடம் சரிபாருங்கள். தேடல் பெட்டியில் 'கொலு பொம்மை' என்று அடித்து எண்டர் தட்டாமல் நிறுத்தினால், மற்றவர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்று அதுவே எடுத்துக்கொடுக்கும். கூகுள் ட்ரெண்ட்ஸில் தமிழ்நாட்டை மட்டும் தேர்ந்தெடுத்தால், எந்த மாதம் தேடல் ஏறுகிறது என்று கோடு போட்டுக் காட்டும்.

நம் ஆட்களில் பலர் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துத் தேடுகிறார்கள். கொலுவை ஜி போட்டும் எழுதுவார்கள், கே போட்டும் எழுதுவார்கள். பொம்மை என்பார்கள், டால்ஸ் என்பார்கள். சுங்குடிக்கு எஸ்ஸில் தொடங்குபவரும் உண்டு, சி-ஹெச்சில் தொடங்குபவரும் உண்டு. ஒவ்வொரு எழுத்துக்கூட்டலுக்கும் தனிப் பக்கம் போடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அவை ஒரே பொருள்தான் என்று கூகுளே பெரும்பாலும் கண்டுகொள்ளும். இங்கிலீஷ் பக்கம் ஒன்றில் இரண்டு எழுத்துக்கூட்டலும் இயல்பாக ஒருமுறை வந்தால் போதும்.

அந்த இங்கிலீஷ் பக்கம் அவசியம் வேண்டும். பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் கொலு வைக்கிறவர்கள் தமிழ் பேசுவார்கள், தேடும்போது இங்கிலீஷில் தேடுவார்கள். தமிழுக்கு ஒரு முகவரி, இங்கிலீஷுக்கு ஒரு முகவரி என்று பிரித்து, இரண்டும் ஒரே பக்கத்தின் இரு மொழி வடிவங்கள் என்று சொல்லும் ஹெச்ரெஃப்லாங் குறியைப் போடச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு மென்பொருளில் தட்டி, திரும்பிக்கூடப் பார்க்காமல் நூறு பக்கம் ஏற்றுவது ஆபத்து. தேடலில் இடம்பிடிப்பதற்கென்றே மொத்தமாகத் தயாரித்துக் குவிக்கும் பக்கங்களை, ஆள் எழுதினாலும் மெஷின் எழுதினாலும், 2024 மார்ச்சிலிருந்து கூகுள் விதிமீறல் பட்டியலில் வைத்திருக்கிறது.

எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும்

தமிழ்த் தளங்களுக்கென்றே ஒரு தனி வியாதி உண்டு. ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையில் செய்த டிசைனை அப்படியே போட்டோவாக எடுத்துத் தளத்தில் ஏற்றுவது. விலைப்பட்டியல், முகவரி, ஆடித் தள்ளுபடி எல்லாம் அந்தப் படத்துக்குள் இருக்கும். பார்க்கிறவருக்குத் தெரியும். கூகுளுக்கு அது ஒரு படம். படத்தில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் கீழே எழுத்தாகவும் அடியுங்கள்.

இன்னொரு கேஸ் இதைவிட மோசம். பக்கத்தில் தமிழ் எழுத்துதான் தெரியும், ஆனால் உள்ளே தமிழ் இருக்காது. நோட்டீஸுக்கு அடித்த பாமினி எழுத்தை அப்படியே தளத்திலும் ஒட்டியிருப்பார்கள். பாமினி, இங்கிலீஷ் எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டிவிடும் பழைய ஃபான்ட். திரையில் 'மதுரை' என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது சின்ன கே, பெரிய ஜே, சின்ன ஐ, சின்ன யூ. மதுரை என்று தேடுகிறவருக்கு இந்தப் பக்கத்தைக் காட்ட கூகுளுக்கு ஒரு காரணமும் இல்லை. சோதிப்பது சுலபம். ஒரு வரியைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் யூனிகோடு, அதாவது எந்தக் கருவியும் தமிழ் என்றே படிக்கும் பொதுக் குறியீடு. கன்னாபின்னாவென்று இங்கிலீஷ் எழுத்து வந்தால் பழைய ஃபான்ட். யூனிகோடுக்கு மாற்றித்தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை உட்கார்ந்து படித்துவிடுங்கள், கொம்பும் காலும் சில இடத்தில் இடம் மாறியிருக்கும். யூனிகோடில் தமிழ் 1991லேயே வந்துவிட்டது. அச்சகங்களில் இன்னும் பழைய ஃபான்ட்தான் ஓடுகிறது என்பதால் தளம் வைத்திருப்பவர்தான் கவனமாக இருக்க வேண்டும்.

பக்கத்தின் முகவரியை மட்டும் இங்கிலீஷ் எழுத்தில் வைக்கச் சொல்வேன். தமிழ் முகவரியும் கூகுளுக்குப் புரியும், தடை ஒன்றும் இல்லை. ஆனால் அதைக் காப்பி செய்து அனுப்பும்போது பல இடங்களில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறியும் எண்ணுமாக ஒன்பது எழுத்துக்கு நீண்டுவிடும். 'மதுரை' என்ற ஒரு சொல்லே (ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து குறிகள்) 45 எழுத்து. அப்படி வாலாக நீண்ட லிங்க்கைப் பார்த்தால் ஏதோ வைரஸ் என்று ஜனங்கள் தொடவே மாட்டார்கள்.

போட்டோக்களுக்கு மாற்று எழுத்து, அதாவது ஆல்ட் டெக்ஸ்ட், கட்டாயம் எழுதுங்கள். கேமரா வைத்த எண்ணே பெயராக இருக்கும் படத்திலிருந்து யாருக்கும் ஒன்றும் தெரியாது. 'விளாச்சேரி களிமண் தசாவதார கொலு பொம்மை செட், பத்துப் பொம்மைகள்' என்று எழுதினால் கூகுளுக்கும் தெரியும், கண் தெரியாதவர் போனில் வாசித்துக் கேட்டால் அவருக்கும் தெரியும்.

ஒரு விஷயத்துக்கு ஒரு பக்கம்

எல்லாப் பொம்மையையும் 'எங்கள் தயாரிப்புகள்' என்ற ஒரே பக்கத்தில் கொட்டாதீர்கள். தசாவதார செட்டுக்கு ஒரு பக்கம், கல்யாண செட்டுக்கு ஒன்று, அழகர் ஆற்றில் இறங்கும் செட்டுக்கு ஒன்று, வர்ணம் அடிக்கும் வேலைக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி டைட்டில். தேடலில் நீல எழுத்தில் தெரிவது பெரும்பாலும் இதுதான். நிறையத் தளங்களில் எல்லாப் பக்கத்துக்கும் கடைப் பெயரே டைட்டிலாக இருக்கும், அல்லது வெறும் 'முகப்பு'. 'தசாவதார கொலு பொம்மை செட், விளாச்சேரி களிமண், மதுரை' என்று பொருளை முன்னால் வையுங்கள். போன் திரையில் டைட்டிலின் பின்பாதி வெட்டுப்பட்டுப் போகலாம்.

டைட்டிலுக்குக் கீழே வரும் இரண்டு வரி விளக்கம் வரிசையில் மேலே ஏற்றாது, ஆனால் படித்துவிட்டு ஆள் உள்ளே வருவாரா என்பதை அது தீர்மானிக்கும். மெட்டா கீவேர்ட்ஸ் என்ற பெட்டியை மறந்துவிடுங்கள். வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது. இன்றைக்கும் அதை நிரப்பிக் கொடுத்துக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

பக்கத்துக்குள் என்ன எழுதுவது? போனில் சொல்வதைத்தான். செட்டில் எத்தனை பொம்மை, ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம், சுட்ட களிமண்ணா காகிதக்கூழா, எது கனம், எது சீக்கிரம் உடையும். வைக்கோல் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்து எந்தெந்த ஊருக்கு எப்படி அனுப்புகிறீர்கள். உடைந்து வந்தால் என்ன செய்வீர்கள். கொலு முடிந்ததும் பொம்மையை எப்படி எடுத்துவைப்பது, ஈரத்துணியால் துடைத்தால் வர்ணம் என்ன ஆகும். விலையையும் எழுதுங்கள். 'விலை போட்டா பக்கத்து வீட்டுக்காரன் பார்த்துருவான்' என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அது ஏற்கெனவே தெரியும்.

அச்சில் களிமண் அழுத்துவது, வெயிலில் காய்வது, கண் எழுதுவது என்று உங்கள் வீட்டு முற்றத்தில் எடுத்த போட்டோக்களைப் போடுங்கள். தேடல் முடிவுகளின் தரத்தைப் பார்க்கும் ஆட்களுக்கு கூகுள் கொடுக்கும் வழிகாட்டியில், எழுதியவருக்கு நேரடி அனுபவம் இருக்கிறதா என்பது 2022 டிசம்பரில் தனியாகச் சேர்க்கப்பட்டது. வாங்கி விற்கும் ஆன்லைன் கடையால் உங்கள் முற்றத்தைப் போட்டோ எடுக்க முடியாது.

ஏஐ பதில்தான் மேலேயே வந்துவிடுகிறதே, இனி இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: அந்தப் பதிலோடு வரும் லிங்க்குகளும் கூகுள் இன்டெக்ஸில் இருக்கும் பக்கங்கள்தான். அதற்கென்று தனியாக ஒரு வித்தையும் செய்யத் தேவையில்லை என்று கூகுளே சொல்கிறது.

போனில் திறக்கிறதா?

கூகுள் உங்கள் தளத்தின் மொபைல் வடிவத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. எனவே ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்க்காமல், வைஃபையை அணைத்துவிட்டு, சாதாரணப் போனில் திறந்து பாருங்கள். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுளின் வேகச் சோதனைக் கருவியில் முகவரியைக் கொடுத்தால் மூன்று அளவுகள் சொல்லும்: பெரிய படமோ எழுத்தோ 2.5 நொடிக்குள் வர வேண்டும், தொட்டால் 200 மில்லிநொடிக்குள் அசைய வேண்டும், திறக்கும்போது பக்கம் இடம் மாறிக் குதிக்கும் அளவு 0.1ஐத் தாண்டக் கூடாது. பொம்மைத் தளம் மெதுவாக இருந்தால் காரணம் அநேகமாக போட்டோதான். போனில் எடுத்ததை அப்படியே ஏற்றினால் ஒவ்வொன்றும் பல எம்பி. வெப்பி என்ற எடை குறைந்த பட வடிவத்துக்கு மாற்றி, அளவைக் குறைத்து ஏற்றுங்கள். தமிழ் ஃபான்ட் மூன்று நான்கு வேண்டாம், ஒன்று போதும். இதில் நூற்றுக்கு நூறு வாங்கத் துடிக்க வேண்டியதில்லை, அந்த நேரத்தில் இன்னொரு பக்கம் எழுதலாம்.

மேப்பில் இடம்பிடிப்பது

நேரில் ஆள் வரும் கடை என்றால் தளத்தைவிட இது முக்கியம் என்றே சொல்வேன். கூகுள் மேப்பில் உங்கள் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் திறப்பதற்குக் காசு இல்லை. அநேகமாக வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லும். தெரு, பெயர்ப்பலகை, நீங்கள் கடையைத் திறப்பது ஆகியவை ஒரே ஓட்டத்தில் தெரிய வேண்டும்.

உள்ளூர்த் தேடலில் கூகுள் பார்ப்பது மூன்று: தேடியதற்கும் உங்களுக்கும் உள்ள பொருத்தம், தூரம், உங்கள் பெயர் எவ்வளவு அறியப்பட்டது என்பது. தூரத்தை யாரும் மாற்ற முடியாது. மாட்டுத்தாவணியில் நின்று தேடுகிறவருக்கு விளாச்சேரி முதலில் வராவிட்டால் வருத்தப்பட வேண்டாம். மற்ற இரண்டையும் கவனிக்கலாம். வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். பெயர்ப்பலகையில் இருக்கும் பெயரையே கொடுங்கள். பெயருக்குப் பின்னால் 'மதுரையின் நம்பர் ஒன் கொலு பொம்மைக் கடை' என்று வால் சேர்ப்பது விதிமீறல், புரொஃபைலையே முடக்கிவிடுவார்கள். தளத்திலும் மேப்பிலும் முகநூலிலும் முகவரியும் போன் நம்பரும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

சித்திரைத் திருவிழா, பொங்கல், தீபாவளி நாட்களுக்குத் தனி நேரம் குறிக்கும் வசதி இருக்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும் அன்று கோரிப்பாளையம் பக்கம் கடை வைத்திருப்பவர் அதை மாற்றாமல் விட்டால், வெளியூரிலிருந்து வந்து பூட்டைப் பார்த்தவர் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார்.

ரிவ்யூவைப் பொறுத்தவரை, வாங்கியவரிடம் கேளுங்கள், கூச்சம் வேண்டாம். புரொஃபைலில் கிடைக்கும் லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ஆனால் ரிவ்யூ போட்டால் தள்ளுபடி என்று சொல்லக் கூடாது, அது கூகுள் விதிக்கு விரோதம். திட்டி எழுதியவருக்குப் பதில் எழுதும்போது, அவரைவிட அதைப் படிக்கப்போகும் அடுத்த வாடிக்கையாளரை நினைத்து எழுதுங்கள்.

இன்னொரு விஷயம். பிசினஸ் புரொஃபைலோடு இலவசமாக வந்த தளங்களை கூகுள் 2024 மார்ச்சில் மூடிவிட்டது. உங்கள் விசிட்டிங் கார்டில் இன்னும் அந்த முகவரிதான் என்றால் கார்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

மற்றவர்கள் தரும் லிங்க்

1998இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோது அடிப்படையாக வைத்ததே, ஒரு பக்கத்துக்கு யார் யார் லிங்க் கொடுக்கிறார்கள் என்ற கணக்கைத்தான். இன்றைக்கும் அதற்கு மதிப்பு உண்டு. அதனாலேயே ஐந்நூறு லிங்க் இவ்வளவு ரூபாய் என்று விற்கிறார்கள். வாங்காதீர்கள். அப்படி வாங்கிய லிங்க்குகளைக் குறிவைத்துத்தான் 2012இல் பென்குவின் என்ற மாற்றத்தை கூகுள் கொண்டுவந்தது. உங்கள் பொம்மையை வாங்கி விற்கும் சென்னைக் கடையின் தளம், பட்டறையைப் பார்க்க மாணவர்களை அழைத்துவந்த பள்ளி, உங்களைப் பற்றி எழுதிய பத்திரிகை ஆகியோரிடம் பெயரோடு லிங்க்கும் போடச் சொல்லிக் கேளுங்கள். இப்படி நாலைந்து கிடைத்தால் அந்த ஐந்நூறைவிட மேல்.

நவராத்திரிக்கு எப்போது தொடங்குவது?

மகாளய அமாவாசை வந்தபின் பக்கம் எழுதினால் அது அடுத்த வருஷத்துக்குத்தான் உதவும். புதுப் பக்கத்தை கூகுள் படித்து, சேர்த்து, ஒரு இடத்தில் நிறுத்த வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். ஆனி மாதமே எழுதிவிடுங்கள், குடில் செட்டுக்கு ஆவணி. முகவரியில் வருஷத்தைப் போடாதீர்கள். ஒவ்வொரு வருஷமும் புது முகவரி திறந்தால் ஒவ்வொரு வருஷமும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒரே முகவரியை வைத்துக்கொண்டு விலையையும் போட்டோவையும் மட்டும் புதுப்பியுங்கள். சீசன் முடிந்ததும் பக்கத்தை அழிக்கவும் வேண்டாம், 'அடுத்த ஆண்டுக்கான ஆர்டர் ஆனியில் தொடங்கும்' என்று ஒரு வரி போட்டுவிட்டு விட்டுவிடுங்கள். என்றைக்காவது முகவரியை மாற்றியே தீர வேண்டும் என்றால், பழையதைத் திறப்பவரைப் புதியதற்குக் கொண்டுபோகும் 301 ரீடைரக்டையும் கூடவே போடுங்கள்.

கணக்குப் பார்ப்பது

மாதம் ஒருமுறை சர்ச் கன்சோலைத் திறந்தால் போதும், தினமும் பார்த்தால் ரத்த அழுத்தம்தான் ஏறும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் எந்தெந்தத் தேடலுக்கு நீங்கள் தெரிந்தீர்கள், எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், சராசரி இடம் என்ன என்று வரிசையாக இருக்கும். உங்கள் கடைப் பெயரைச் சொல்லித் தேடியவர்களைக் கழித்துவிட்டுப் பாருங்கள், அவர்களுக்கு உங்களை ஏற்கெனவே தெரியும். நிறையத் தடவை தெரிந்தும் ஆள் வராத தேடல் இருந்தால் அந்தப் பக்கத்தின் டைட்டிலையும் விளக்கத்தையும் மாற்றி எழுதுங்கள். எட்டிலிருந்து பதினைந்தாம் இடம் வரை நிற்கும் தேடல்களுக்கு, அந்தப் பக்கத்தில் இன்னும் என்ன சொல்லாமல் விட்டிருக்கிறோம் என்று நோட்டோடு ஒப்பிட்டுச் சேருங்கள். நீங்கள் நினைத்தே பார்க்காத ஒரு தேடல் பட்டியலில் தெரிந்தால் அடுத்த பக்கம் அதற்குத்தான்.

முதலிடம் கியாரண்டி என்று யாராவது போன் செய்தால், அப்படி யாராலும் கியாரண்டி தர முடியாது என்று கூகுள் தன் தளத்திலேயே எழுதிவைத்திருப்பதைச் சொல்லுங்கள். அப்படியும் ஆளை வைத்து வேலை செய்வதென்றால், கன்சோலில் அவருக்கு ஓனர் உரிமை கொடுக்காமல் பயனர் அனுமதி மட்டும் கொடுங்கள்.

கன்சோல் 16 மாதக் கணக்கைத்தான் வைத்திருக்கும். ஒரு நவராத்திரியை அதற்கு முந்தையதோடு ஒப்பிடலாம், மூன்று வருஷத்தை ஒப்பிட முடியாது. அதனால் விஜயதசமி முடிந்து பொம்மைகளைக் கட்டிவைக்கும் வாரத்தில், அந்த சீசனின் பட்டியலை ஷீட்டில் இறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள்.